15 ஆண்டு என்னும் கோடு

பழைய வாகனம் என்றால் பழுதான வாகனம், பழுதான வாகனம் என்றால் புகையும் விபத்தும், ஆகவே குறிப்பிட்ட வயதைத் தாண்டியவற்றைச் சாலையிலிருந்து ஒரேயடியாக அகற்றிவிடுவதே நாட்டுக்கு நல்லது என்ற கருத்து இந்தியாவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வேரூன்றி, இன்று படித்தவர் நடுவில் ஏறத்தாழ மறுப்பார் இல்லாததாகிவிட்டது. தில்லியில் 15 ஆண்டு கடந்த வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. டீசல் வண்டிகளுக்கு 10 ஆண்டே எல்லை என்று 2015 ஏப்ரலில் அதை இன்னும் இறுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் தந்தது. 2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் பழைய வாகனங்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் தகுதிச் சான்றுக் கட்டணமும் பன்மடங்கு உயர்ந்தன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 52ஏ விதியின்படி, மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்குச் சொந்தமான வாகனம் 15 ஆண்டு நிறைந்ததும் பதிவை இழந்து, அரசிடம் பதிவு பெற்ற அழிப்பு மையத்துக்குப் போயாக வேண்டும். அரசே தன் வண்டிகளை உடைத்து முன்மாதிரி காட்டுகிறது என்று இதற்குப் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பாராட்டு நிற்கும் அடிப்படை எவ்வளவு பலவீனமானது என்பது வரிச் சட்டத்தையும் தகுதிச் சோதனை நடைமுறையையும் அரசு வாகன ஏலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் 15 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். அது எந்தப் பொறியியல் ஆய்விலிருந்தும் பிறந்த எண் அன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சொந்த உபயோக வாகனத்தின் பதிவுச் சான்று 15 ஆண்டு செல்லும் என்றும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம் என்றும் கூறுகிறது. அதாவது, சட்டத்தைப் பொறுத்தவரை 15 ஆண்டு என்பது ஒரு காகிதத்தின் ஆயுள். அந்தக் காகிதம் குறிக்கும் வண்டியின் ஆயுள் அன்று. புதுப்பிக்கும் வழியை அதே பிரிவு வகுத்திருப்பதே இதற்குச் சான்று. வாகனத்தின் ஆயுளுக்கு எல்லை கட்டும் அதிகாரம் 59ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. அப்பிரிவும் பொதுமக்களின் பாதுகாப்பையும் வசதியையும் கருத்தில் கொண்டு, வகைக்கு வகை வேறு வேறு வயதை நிர்ணயிக்கலாம் என்றுதான் சொல்கிறது. ஊராட்சியின் குப்பை வண்டி, மாவட்ட ஆட்சியரின் கார், தீயணைப்பு நிலையத்தின் தண்ணீர் வண்டி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணை ஒட்டிவைக்கும்போது, அந்த எண் எதை அளந்து கண்டது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. பொது விவாதத்தில் அது பேசப்படுவதே அரிது. வாடகைக்கு ஓடும் வாகனங்கள், அதாவது மக்கள் 'டி போர்டு' என்று சொல்லும் லாரி, பஸ், டாக்சி, ஆட்டோ ஆகியவை, தகுதிச் சான்று பெற்றே ஓட வேண்டும். எஃப்.சி. என்று எல்லோரும் அழைக்கும் இந்தச் சான்று, வாகனம் எட்டு வயதை எட்டும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கான கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கு, புதிதாகப் பதிவான நாள் முதல் 15 ஆண்டு முடியும்வரை இந்தியாவில் சாலைத் தகுதிச் சோதனை என்று ஒன்றுமே கிடையாது. டயர் வழுக்கையாகலாம், பிரேக் ஒருபக்கம் இழுக்கலாம், ஸ்டியரிங்கில் ஆட்டம் விழலாம். புகைச் சான்றும் காப்பீடும் கையில் இருந்தால் அந்த வண்டியைக் குனிந்து பார்க்க எந்த அதிகாரிக்கும் முறையான சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. அந்த வண்டியை முதன்முதலாக ஓர் ஆய்வாளர் பார்ப்பது 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதுதான். ஆக, நாட்டில் ஓடும் சொந்த வாகனங்களில், தேதியிட்ட ஆய்வு ஒன்றைக் கண்டவை இந்தக் கோட்டைத் தாண்டி முறையாகப் பதிவைப் புதுப்பித்த பழையவை மட்டுமே. சோதிக்கப்பட்டதை ஆபத்து என்றும் சோதிக்கப்படாததைப் பத்திரம் என்றும் கொள்ளும் ஓர் ஏற்பாட்டைப் பாதுகாப்புக் கொள்கை என்று அழைப்பது கடினம்.

பிரிட்டனில் 1960இல் தகுதிச் சோதனை தொடங்கியபோது, பத்து ஆண்டு பழைய வாகனங்களுக்கே அது பொருந்தியது. சில ஆண்டுகளுக்குள் அந்த எல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1967இல் மூன்று ஆண்டுக்கு வந்தது. அங்கே சோதனையின் வலை இளைய வாகனங்களை நோக்கி விரிந்தது. (அதே நாட்டில் இன்று 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு வரியும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை என்பதும் உண்மை. அதுவும் நிலையைப் பார்க்காமல் வயதைப் பார்க்கும் பிழைதான். இங்கே வயதுக்குத் தண்டனை, அங்கே வயதுக்குச் சலுகை.) இந்தியாவிலோ சோதனையை முன்னோக்கி நகர்த்தாமல், கோட்டுக்கு அப்பால் இருப்பவரிடம் கட்டணத்தை உயர்த்துவதோடு சீர்திருத்தம் முடிந்துவிட்டது.

அந்தக் கட்டணங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான பதிவுப் புதுப்பிப்பு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், 15 ஆண்டு கடந்த கனரக லாரி, பஸ்ஸுக்கான தகுதிச் சான்று 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாகவும் உயர்ந்தன. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 2,000 ரூபாய் என்று இன்னொரு படி ஏற்றப்பட்டது. கட்டணம் என்பது செய்யப்படும் சேவைக்கு ஈடாகப் பெறுவது; வரி என்பது அப்படி ஈடு எதையும் காட்ட வேண்டியிராத பொது வருவாய். பத்து வயது லாரியும் பதினாறு வயது லாரியும் அதே உருளை மேடையில்தான் பிரேக் சோதனைக்கு ஏறுகின்றன, அதே விளக்குமானியின் முன்தான் நிற்கின்றன; பின்னதற்குப் பல மடங்கு பெறுவதற்கு ஈடான கூடுதல் சோதனை எதுவும் அங்கே நடப்பதில்லை. எனவே இது கட்டணத்தின் பெயரில் வரும் வரி. அதுவும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படாமல் விதித் திருத்தத்தின் வழியே வரும் வரி.

வரியின் கதையோ இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வாகனத்துக்கு ஆயுட்கால வரி, அதாவது வாங்கும்போதே மொத்தமாகச் செலுத்தும் சாலை வரி, வாகனத்தின் விலையை ஒட்டியது. 2023 நவம்பர் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 20 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 விழுக்காடு என்று அது ஏறிக்கொண்டே போகிறது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வயது ஏற ஏற வரி விகிதம் குறைகிறது. தேய்ந்த பொருளின் மதிப்புக் குறைவு என்ற நியாயம் அங்கே ஏற்கப்படுகிறது. அதே அலுவலகத்தின் அடுத்த ஜன்னலில், அதே தேய்வைக் காரணம் காட்டிக் கட்டணம் பன்மடங்காகிறது. இரண்டிலும் வண்டி எவ்வளவு ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிறுதோறும் சந்தைக்கு மட்டும் போய்வரும் விவசாயியின் வண்டியும் நாள் முழுதும் நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டியும் இந்தக் கணக்கில் ஒன்றே.

வயதுக் கோட்டுக்கு ஆதரவாக வைக்கப்படும் வாதங்களில் உண்மையிலேயே வலுவானது ஒன்றுதான். அதைக் கட்டாயம் எதிர்கொள்ள வேண்டும். சோதனையை நம்ப முடியாது, வயதுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பதே அது. எஃப்.சி. நாளன்று லாரி புதுப் பெயின்டோடும் ஒளிரும் பட்டையோடும் கடன் வாங்கிய டயரோடும் போய் நிற்பதும், சான்று கைக்கு வந்த மறுநாளே டயர் உரியவரிடம் திரும்பிவிடுவதும் லாரித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று ஊரார் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஒரே காலையில் பார்த்து முடிக்க வேண்டிய வண்டிகளின் வரிசையைக் கண்டவர், அந்த ஆய்வில் கண்ணும் அனுபவமும் எவ்வளவு, கையெழுத்து எவ்வளவு என்பதை எளிதில் கணிப்பார். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த உண்மையால் வயதுக் கோடு நியாயமாகிவிடுவதில்லை. சோதனை நம்பத் தகாதது என்றால், அந்தச் சோதனையை மட்டுமே நம்பி 14 ஆண்டு ஓடிவரும் லாரிகளும் பள்ளிப் பேருந்துகளும் அதே அளவுக்கு ஐயத்துக்குரியவை. சோதனை நம்பத் தகுந்தது என்றால், 16 ஆண்டு வண்டியையும் அதன் முன் நிறுத்தித் தீர்ப்புக் கேட்கலாம், கோடு தேவையில்லை. இரண்டில் எதைக் கொண்டாலும் கோட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது.

தானியங்கிச் சோதனை மையங்கள் பரவி வருவது இந்த முடிவை இன்னும் உறுதியாக்குகிறது. அங்கே ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையும் உருளையின்மேல் தனித்தனியே அளக்கப்பட்டு, ஓர் அச்சின் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாடு எண்ணாகப் பதிவாகிறது. பக்கவாட்டு நழுவல், முகப்பு விளக்கின் சாய்வு, புகையின் அடர்த்தி ஆகியவையும் அவ்வாறே. மையத்தை நடத்துபவர் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலிலோ விற்பனையிலோ ஈடுபடக் கூடாது என்ற கட்டுப்பாடும் விதிகளில் உள்ளது. இப்படி ஒரு கருவி கையில் வந்த பிறகு வயதைப் பிடித்துக்கொண்டிருப்பது, வெப்பமானி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு பிறந்த தேதியைப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்வதற்கு ஒப்பாகும். 2021இல் அழிப்புக் கொள்கையை அறிவித்தபோது அரசே சொன்னதும் இதுதான்: வெறும் வயதால் எந்த வாகனமும் அழிக்கப்படாது, சோதனையில் தேறாதவையே அழிக்கப்படும் என்றது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலான மாநிலங்களில் அந்த வாக்கு ஏட்டளவிலேனும் நிற்கிறது. அரசின் சொந்த வாகனங்களுக்கு அது ஈராண்டுகூட நிற்கவில்லை.

காற்று மாசு பற்றிய வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) என்னும் புகை வரம்புகளில் பி.எஸ்.-4 தரம் நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.-6 தரம் 2020 ஏப்ரலிலும் கட்டாயமாயின. அவற்றுக்கு முந்தைய டீசல் எஞ்சின் எவ்வளவு சீராக வைத்திருந்தாலும் புதியதைவிட அதிகமாகவே நுண்துகளைக் கக்கும். ஆனால் இதில் தீர்மானிப்பது எஞ்சின் எந்தத் தரத்தில் கட்டப்பட்டது, இப்போது எப்படி எரிகிறது என்ற இரண்டுமே. இரண்டாவதை அளக்க வேண்டிய புகைச் சான்றோ, பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும், டீசல் வண்டியில் புகையின் கருமையையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. நைட்ரஜன் ஆக்சைடையும் நுண்துகளின் எடையையும் அது தொடுவதேயில்லை. ஆக, கருவியைச் செப்பனிட வேண்டிய இடத்தில் நாள்காட்டியைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். தில்லியில் இதன் விளைவு வெளிப்படையாகவே தெரிந்தது. அங்கே தடைசெய்யப்பட்ட கார்கள் தடையின்மைச் சான்றோடு மலிவு விலைக்குப் பிற மாநிலங்களுக்கு வந்து, அதே புகையை வேறு ஊரில் விட்டன. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருள் மறுப்பது என்ற ஏற்பாடு சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை கூடாது என்று அந்த ஆகஸ்டில் தடுத்த உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் மட்டும் என்று சுருக்கியது. வயதிலிருந்து தரத்துக்கு நகர்ந்த அந்த ஓர் அடி சரியான திசையில் வைக்கப்பட்டதுதான்.

இனி அரசு வாகனங்கள். காவல்துறை, வருவாய்த்துறை, சுகாதாரத்துறை முதலியவை தம் வண்டிகளைப் பயன்பாட்டிலிருந்து முறையாக நீக்குவதை நிர்வாகத் தமிழில் கழிவு செய்தல் என்பார்கள். கழிவு செய்யப்பட்ட வாகனங்கள் மாவட்டத் தலைநகரின் ஆயுதப்படை மைதானம் போன்ற இடங்களில் பொது ஏலத்துக்கு வரும். இந்த ஏலத்தைப் பற்றிய பொது எண்ணம் மட்டமானது. அரசு வண்டியை ஓட்டுநர்கள் அடித்து நொறுக்கியிருப்பார்கள், அதை வாங்குபவர் ஏமாளி அல்லது பழைய இரும்பு வியாபாரி, அப்படிப்பட்டது மறுபடி சாலைக்கு வராமல் நசுக்கப்படுவதே மேல் என்பதே அந்த எண்ணம். ஏலத்துக்கு முன் பார்வையிட அனுமதிக்கும் நாளில் அங்கே நடப்பது வேறு. கண்ணாடியில் எண் எழுதி வரிசையாக நிற்கும் ஜீப்புகளில் மெக்கானிக்குகள் பெயின்டைப் பார்ப்பதில்லை. பேட்டரித் தட்டின் அடியிலும் சேசிஸின் குறுக்குச் சட்டங்களிலும் துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தட்டிப் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் செய்ய முடிந்தால் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வழியாகப் புகை பீறிடுகிறதா என்று கவனிக்கிறார்கள், ஏனெனில் பிஸ்டன் வளையம் தேய்ந்ததற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை. சேசிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். உள்ளது உள்ளபடியே என்ற நிபந்தனையில், ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டி எடுக்கும் பொருள் என்பதால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில்லை.

இப்படி எடுக்கப்பட்ட வண்டிகள் எங்கே போயின என்று பார்த்தால் அவற்றின் பயன் புரியும். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை நிசான் வடிவமைப்பில் ராணுவத்துக்கென்று கட்டிய ஜோங்கா, 1999இல் உற்பத்தி நின்ற பிறகும், ஏலத்தில் எடுத்தவர்கள் கையில் மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மாருதி ஜிப்சியும் அவ்வாறே. ராணுவ வண்டியை வாங்குபவருக்கு வேலை அதிகம். 60ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்புத் துறையிலேயே பதிவாகியிருந்த வண்டியை அவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் புதிதாகப் பதிய வேண்டும். ராணுவம் தவிர வேறு யாரும் பூசக் கூடாத ஆலிவ் பச்சையை 121ஆம் விதிப்படி மாற்ற வேண்டும். வரி கட்ட வேண்டும். ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். தேறாத வண்டி அங்கேயே தடுக்கப்பட வழி இருந்தது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிப்போகும் ஜீப்புத் தொழிலைப் போல, புது நான்கு சக்கர இயக்க வண்டியின் விலையைத் தாங்க முடியாத தொழில்களுக்குப் பழைய வண்டியே முதல். அழிப்பு மையம் தரும் விலை, அதே ரகப் புதிய வாகனத்தின் காட்சியறை விலையில் நான்கு முதல் ஆறு விழுக்காடு என்பதே கொள்கையின் மதிப்பீடு. பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு அது 40,000 முதல் 60,000 ரூபாய். சொந்த வாகனத்துக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை தள்ளுபடி என்ற கவர்ச்சியும் புதியது வாங்கக் கையில் பணம் உள்ளவருக்கே பொருந்தும்.

வயதோடு ஓட்டத்தையும் நிலையையும் பார்க்க வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததன்று. மத்திய அரசின் நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் நெடுங்காலமாகச் சிறிய மோட்டார் வாகனத்துக்கு 1,50,000 கிலோமீட்டர், ஆறரை ஆண்டு என்றும், கனரக வாகனத்துக்கு 4,00,000 கிலோமீட்டர், பத்து ஆண்டு என்றும் இரட்டை அளவுகோலை வைத்திருந்தன; இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவே கணக்கு. அதன் பிறகும், இனி இதைச் செலவிட்டு ஓட்டுவது சிக்கனமாகாது என்று தகுதியுள்ள பணிமனை சான்றளித்தால்தான் கழிவு செய்ய முடியும். தூரம், காலம், கண்ணால் கண்ட நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு அந்தப் பழைய விதியில் இருந்தது. 52ஏ விதி மூன்றில் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மிக எளிதாக எண்ணக் கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது. 15 ஆண்டுக்கு முன்பே கழிவு செய்யப்படும் வண்டி இன்றும் ஏலத்துக்கு வரலாம் என்பது உண்மையே. ஆனால் புதிய வாகனத்துக்கு நிதி ஒதுக்கீடு வராததால் துறைகள் பழையதை இழுத்துப் பிடித்து ஓட்டுவது வழக்கம் என்பதால், கோட்டைத் தாண்டிக் கிடப்பவை ஏராளம். அவற்றை உடைத்தால் மாநிலங்களுக்கு மூலதன முதலீட்டுச் சிறப்பு உதவித் திட்டத்தில் ஊக்கத்தொகையும் உண்டு. வண்டியின் நிலையைப் பற்றிய கேள்வியே எழாமல் போனதில் அதற்கும் பங்கிருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

இழப்பு வாங்குபவருக்கு மட்டுமன்று. பழைய வாகனச் சந்தையில் வேறு எந்த வண்டிக்கும் கிடைக்காத ஒன்று அரசு வண்டிக்கு உண்டு. அதுதான் லாக் புக் என்னும் ஓட்டப் பதிவேடு. எந்த நாளில் எங்கே போனது, எவ்வளவு ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றியது, எந்தப் பணிமனையில் என்ன பாகம் போட்டது என்று நாள்தோறும் எழுதி அதிகாரி கையொப்பமிட்ட பதிவு அது. அதன் ஒரு நகலையும் தானியங்கி மையத்தின் சோதனை அறிக்கையையும் ஏல அறிவிப்போடு வெளியிட்டிருந்தால், இந்தியாவிலேயே மிக வெளிப்படையான பழைய வாகன விற்பனை அரசின் கையில் இருந்திருக்கும். சோதனையில் தேறாதது ஆறு வயதானாலும் அழிப்பு மையத்துக்குப் போயிருக்கும். அந்தப் பதிவேடுகள் வண்டியோடு போவதில்லை. அலுவலகத்தின் பழைய கோப்புகளோடு கோப்பாகக் கிடந்து அழிகின்றன.

52ஏ விதியில் விலக்கு ஒன்று இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் பயன்படும் கவச வாகனங்களையும் பிற சிறப்பு வாகனங்களையும் அது தொடாது. காரணம் வெளிப்படையானது: அவை விலை உயர்ந்தவை, குறைவாக ஓடுபவை, பராமரிப்பால் நெடுநாள் உழைப்பவை. ஒரு சிற்றூர் நிலையத்தில் நிற்கும் தீயணைப்பு வண்டிக்கும் இவை மூன்றும் பொருந்தும். அதன் உழைப்பைக் கிலோமீட்டரைவிடப் பம்பு ஓடிய மணிக்கணக்கே சரியாகக் காட்டும். ஆனால் விலக்கின் சொற்களுக்குள் அது வரவில்லை. பராமரிப்பு வயதை வெல்லும் என்று கவச வாகனத்துக்கு ஏற்றுக்கொண்ட அரசு, தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் தாலுகா அலுவலக ஜீப்புக்கும் ஒரு முறையேனும் அந்த உருளை மேடையில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பை ஏன் மறுக்கிறது என்பதற்கு விதியில் ஒரு வரிகூட விளக்கம் இல்லை.